பேர் போட வேண்டாம்

மழை விட்டு மூன்று நாளாகியும் வளவுக்குள் தண்ணீர் வற்றவில்லை. கிணற்றடியிலிருந்து குசினி வாசல் மட்டும் செங்கல் போட்டு, அதில் கால் வைத்துக் கைருன்னிஸா போவதும் வருவதுமாக இருந்தாள். விறகெல்லாம் ஈரம். அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் கூட. அந்தப் புகைக்குள்ளிருந்து புட்டு வாசமும், நேற்றைய கீரிமீன் ஆணத்தைச் சுடவைக்கிற வாசமும் ஒன்றாக வந்தன. ஜவுபர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். மரம் விழுந்து அறுந்த கேபிள் வயர்களை ஐந்து நாளாக இழுத்துக் கட்டியதில் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. புட்டைத் தொட்டாலே எரிந்தது.

ஸுஹைறா ஹபாயாவும் போட்டு, புறப்பட்ட கோலத்தில் வந்து அவருக்கு எதிரே இருந்தாள். புட்டுப் பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

“வாப்பா, இண்டைக்கு நீங்களும் என்னோட ஒபிசுக்கு வரணும்.”

“மாளிகைக்காட்டுல லைன் வேல கிடக்கு புள்ள.”

“லைன் வேல எண்டைக்கும்தான் கிடக்கும். கொழும்பு டீவிக்காரரு நேத்தும் போன் எடுத்தாரு. அந்த வெள்ளப் படம் நான் எடுத்ததெண்டு ஹாஜியாரிட்ட ஒரு கடிதம் வாங்கித் தரட்டாம். தந்தா என்னத் தங்கட நிருபராப் போடுவாங்களாம். இல்லாட்டி ஒபிசு சொன்ன ஆள் பாயிஸத்தான் போடுவாங்களாம். ஞாயித்துக்கிழம படத்தப் போடுறாங்க. அதுக்கு முந்திக் கடிதம் போகணும்.”

ஜவுபர் புட்டைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.

“இன்னொண்டும் கேட்டாரு. ராவையில வெளியால போக ஊட்டுல விடுவாங்களாண்டு. பாயிஸ்ட்டயும் இதக் கேட்டீங்களா சேர் எண்டன். சிரிச்சாரு.”

குசினிக்குள்ளிருந்து கைருன்னிஸாவின் குரல் வந்தது. “போங்களன். பத்தொம்பது வருஷம் அந்த மனிசன்ட வயர இழுத்திரிக்கீங்க. ஒரு கடிதம் கேட்டா இரிக்கிற பல்லும் கொட்டிருமா?”

“இரிக்கிறதே நாலு பல்லு. ஜும்ஆவுக்குப் பொறகு பாப்பம்” என்று ஜவுபர் எழும்பிக் கை கழுவினார்.

ஸுஹைறா மீராசாஹிபு ஹாஜியாரின் கேபிள் சேனலில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். கல்முனை டவுனில், துணிக்கடைக்கு மேலே, ஏசி போட்ட சின்ன அறை. திரையின் அடியில் ஓடுகிற ஜனாஸா அறிவித்தல், கரண்ட் வெட்டு, காணாமல்போன ஐடென்டிட்டி கார்டு எல்லாம் அவள் அடிக்கிறதுதான். இரவு ஏழு மணிச் செய்தியை எழுதுவது அவள். படத்தை வெட்டி ஒட்டுவது அவள். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அதை வாசிப்பது ஹாஜியாரின் தங்கச்சி மகன் பாயிஸ். “இலட்சம்” வருகிற இடத்தில் “ஆயிரம்” என்று வாசிக்காமல் இருக்க அவனைப் பழக்கியதும் அவள்தான்.

அன்று காலை ஜவுபருக்கு ஏணி பிடித்தவன் ஜீவராஜ். பாண்டிருப்பு ஆள், ஏழெட்டு வருடமாக அவரோடு ஒன்றாக லைனில் நிற்கிறவன். மாளிகைக்காட்டு மீன்கடைகளுக்குப் பின்னால் தென்னை விழுந்து மூன்று தூணுக்கு வயர் இல்லை. வயரைச் சுருளிலிருந்து விட்டுக்கொண்டே ஜீவராஜ் கதையையும் விட்டான்.

“அண்டைக்கு நீங்க இருந்திருக்கணும் காக்கா. சம்மாந்துற வயல் வட்டைக்க கட்டு ஒடைஞ்சிட்டெண்டு போன் வருகுது. பாயிஸ் சொல்றாரு, வேன் போகாதாம், வெள்ளம் வடிஞ்ச பொறகு போவமாம். வடிஞ்ச பொறகு என்னத்தப் படம் எடுக்கிற, நண்டையா? ஒங்கட புள்ள எனக்கிட்ட வந்து, ‘ஜீவராஜ் அண்ணன், ஒங்கட மாமாட உழவு மிசின் கிடைக்குமா’ எண்டு கேட்டா. தனியக் கூட்டிக்கொண்டு போனா ஊர் என்ன சொல்லும்? என்ட மனுசி உசாந்தினியையும் மிசின்ட பெட்டில ஏத்திக்கொண்டுதான் போனன்.”

“அது தெரியும்.”

“இது தெரியா. வாய்க்கால் தாண்டேக்க பெட்டிக்குள்ள தண்ணி வந்திட்டு. என்ட மனுசி கண்ண மூடிக்கொண்டு பிள்ளையாரக் கூப்பிடுறா. ஒங்கட புள்ள கெமராவத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கொண்டு, இன்னும் கிட்டப் போங்க எண்டுறா. அந்தக் காவல் பரணுக்கு மேல மூணு பொம்புளையள், ஒரு ஆடு. களை புடுங்க வந்த சனம். ரெண்டு நாளா அங்கதான். வல்லியம்மை எண்டு ஒரு மனுசி, வாயே தொறக்கல்ல. என்னக் கண்டா முகத்த மறுபக்கம் திருப்புறா. ஒங்கட புள்ள என்னக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டுப் பரணில ஏறிப் பக்கத்தில இருந்தா. அதுக்குப் பொறகுதான் அவ கொட்டினா. தண்ணி வந்ததும் ஆம்பிளையள் மிசின எடுத்துக்கொண்டு போயிட்டாங்களாம், இவங்கள விட்டுப்போட்டு. அதக் கேட்டுத்தான் கொழும்புக்காரன் ஆடிப்போயிட்டான்.”

ஜவுபர் மேலேயிருந்து வயரைக் கடித்துத் தோலை உரித்தார்.

“பாயிஸ்ட பங்கைக் கேளுங்க. அடுத்த நாள் மார்க்கட்டுக்குப் பின்னால, ஐஸ் அடிக்கிற இடம் இரிக்கில்ல, அந்தத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நிண்டாரு. தண்ணி முழங்காலுக்குக் கீழ. படம் எடுத்தவன் ஆழம் காணாது எண்டான். இவரு முழங்கால மடிச்சிக் குந்தினாரு. இடுப்புக்கு வந்திட்டு வெள்ளம்!”

ஜவுபருக்குச் சிரிப்பு வந்தது. ஏணி ஆடியது. ஆடின ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜீவராஜ் கேட்டான்:

“ஒண்டு கேக்கன் காக்கா. அந்தப் புள்ள எடுத்த எடுப்புக்கு மூணு வருசத்தில ஒரு நாளாவது பேர் போட்டாங்களா? நான் காணல்ல. அது ஏன்?”

“தெரியா. டேப்பத் தா” என்றார் ஜவுபர்.

தெரியும். அவருக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னர், ஸுஹைறாவுக்கு வேலை கிடைத்த அன்று, அஸர் தொழுதுவிட்டு அவர் தனியே ஹாஜியாரிடம் போனார். துணிக்கடைப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்: “ஹாஜியார், கொமர்ப் புள்ள. பேர் போட வேணாம். கொரலும் வெளியால கேக்க வேணாம். நாளைக்குக் கலியாணம் பேசி வாறவங்க ஒரு குத்தம் சொல்லப்படா.” அந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவன் வீட்டைக் கட்டிக் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் குடியிருப்பான். தூணில் ஏறி இறங்கின காசில் ஜவுபர் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கட்டியிருந்தார். சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. கட்டின வீட்டுக்குள் வர ஒருவன் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு, மழைக்காலத்துச் சுவர் ஈரம் மாதிரி, உள்ளே ஊறிக்கொண்டேயிருந்தது.

ஹாஜியார் அவருடைய தோளில் தட்டினார். “நல்ல வாப்பா நீங்க. இப்பிடி யோசிக்கிற ஆக்கள் இப்ப எங்க இரிக்காங்க” என்றார். அந்தப் பேச்சை ஜவுபர் மஸ்கட் அல்வாப் பொட்டலம் கொண்டுபோகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் ஒருவருக்கும் பிரித்துக் காட்டவில்லை.

ஜும்ஆ முடிந்து அவர் ஒபிசுக்கு ஏறியபோது ஸுஹைறா வாசலிலேயே நின்றாள். உள்ளே ஹாஜியார் மேசைக்குப் பின்னால். பாயிஸ் சுவரோரத்துக் கதிரையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க ஜவுபர், இரிங்க.”

பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவரை இருக்கச் சொன்னது அதுதான் முதல். ஜவுபர் கதிரையின் நுனியில் தொங்கிக்கொண்டார். ஸுஹைறாவை இருக்கச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே தொடங்கினாள்.

“ஹாஜியார், கடிதத்த நானே அடிச்சிக் கொண்டு வந்திரிக்கன். நாலு வரிதான். நீங்க சைன் வெச்சாக் காணும்.”

ஹாஜியார் கடிதத்தை வாங்கினார், வாசித்தார், கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

“நீ கெட்டிக்காரி. இல்லண்டு நான் சொல்லல்ல, எல்லாரிட்டயும் சொல்றதுதான். ஆனா நியூஸ் எண்டா சனம் நம்பணும். அதுக்கு ஆம்புளட கொரல் வேணும். ஒரு கனதி இரிக்கணும்.”

“நான் எழுதினதுல கனதி காணாதா ஹாஜியார்?”

“எழுதுறது வேற, முன்னுக்கு நிக்கிறது வேற. கொழும்புக்காரன் ராவு ரெண்டு மணிக்கு அறுகம்பைக்குப் போ எண்டுவான். போவியா? நாளைக்குக் கலியாணம் முடிச்சா, புள்ள பெத்தா, ஆரு போற?”

“வெள்ளத்துக்க போனது நான். போகாதது இந்தா இரிக்கிற ஆளு.”

பாயிஸ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “நான் கேக்கல்ல ராத்தா. மாமாதான் என்ட பேரக் குடுத்தாரு.”

“குடுத்தா வாங்குவியா? கீழ விழுந்து கிடந்த பேரா அது?”

“சரி, சரி” என்று ஹாஜியார் கையை உயர்த்தினார். குரல் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. “பேர் போடல்ல எண்டு எனக்கு மேல கோவிக்காத. ஒங்கட வாப்பாட்டக் கேளு. பேர் போட வேணாம், கொரல் கேக்க வேணாம் எண்டு, நீ வேலைக்கு வந்த அண்டைக்கே எனக்கிட்ட வந்து நிண்டு சொன்னது அவருதான். நான் வாக்கு மாறுற ஆள் இல்ல. கேளு, முன்னுக்கு இரிக்காரு.”

கீழே துணிக்கடையில் யாரோ துணியை அளந்து சரக்கென்று கிழித்தார்கள்.

“வாப்பா?” என்றாள் ஸுஹைறா.

ஜவுபர் அவளைப் பார்க்காமல் ஹாஜியார் பக்கம் திரும்பினார். “அது அப்ப சொன்ன கதை ஹாஜியார்” என்றார். “இப்ப நானே சொல்றன். போடுங்க.”

ஹாஜியார் சிரித்தார். “இப்ப போட்டா, மூணு வருஷமா அப்ப பாயிஸ்ட பேர் போட்டது என்னத்துக்கெண்டு கொழும்புக்காரன் கேப்பான். என்ட சேனல் பொய்ச் சேனல் எண்டு ஆகும். அதுக்கு ஆரு பொறுப்பு? நீங்க வந்து நிப்பீங்களா?”

ஜவுபர் கைகளைப் பார்த்தார். உரிந்த தோலைக் கிள்ளினார். நிற்பேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பூசாத சுவரும், ஏணியும், இந்த வயதில் இனி வேறு யார் வேலை தருவார்கள் என்பதும் சேர்ந்து அந்தச் சொல்லை நெஞ்சுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டன.

“வெறுங்கையோட நான் அனுப்ப மாட்டன்” என்று ஹாஜியார் ஸுஹைறாவிடம் சொன்னார். “நோன்பு வருகுது. சமையல் நிகழ்ச்சி ஒண்டு தாறன். மொகம் காட்டத் தேவல்ல. கைய மட்டும் காட்டினாக் காணும்.”

“கையையும் ஒங்கட மருமகன்ட கையாப் பாத்துக் காட்டுங்க” என்றாள் அவள். கைப்பையிலிருந்து ஒபிசு அறையின் பூட்டுத் திறப்பை எடுத்து, கடிதத்துக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

“புள்ளைக்கு வாய் கூடிப்போச்சு ஜவுபர். கொஞ்சம் பாத்துக்கங்க. ஞாயித்துக்கிழம ஊரே டீவிக்கு முன்னுக்கு இரிக்கும். ஒரு ஊட்டுலயும் லைன் இல்லண்டு கதை வரப்படா. வெளங்கிச்சா?”

“ஓம் ஹாஜியார்” என்றார் ஜவுபர். அது மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கதை அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கைருன்னிஸா அரிசி களைந்த தண்ணீரை அவர் காலடியில் வீசி ஊற்றினாள்.

“எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“புள்ளட நல்லதுக்குத்தான்...”

“என்ன நல்லது? அக்கரைப்பத்துல இருந்து கலியாணம் பேசி வந்தாங்களே, என்ன கேட்டாங்க? புள்ள என்ன வேல செய்றா எண்டு கேட்டாங்க. நீங்க சொல்லித் தந்தபடி, சும்மா ஒபிசுல இரிக்கா எண்டன். அந்தப் பொடியன் பேந்து வந்தானா? சும்மா இரிக்கிறவ எனக்கு வேணாமெண்டுதான் போயிட்டானோ, ஆருக்குத் தெரியும்? டீவியில வாற செய்தியெல்லாம் என்ட புள்ள எழுதுறதெண்டு ஒரு நாளாவது சொல்லியிருந்தா, என்ட நெஞ்சாவது நிறைஞ்சிருக்கும். இப்ப மாப்புளயும் இல்ல, வேலையும் இல்ல. மூணு வருஷம் ஊருக்கு ஒளிச்சி என்னத்தக் கண்டீங்க? களவெடுத்த பொருளா ஒளிக்க?”

ஜவுபர் செங்கல்லில் நின்றார். அடுத்த கல்லுக்குக் கால் போகவில்லை.

விறாந்தையில் ஸுஹைறா ஹபாயாவோடே இருந்தாள். அழுததாகத் தெரியவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எனக்குப் பேர் வெச்சது ஆரு வாப்பா?” என்று கேட்டாள்.

“நான்தான் புள்ள.”

“ம். ஆசையாத்தானே வெச்சிருப்பீங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரோடு அவள் கதைக்கவில்லை.

சனிக்கிழமை பகல் கொழும்பிலிருந்து போன் வந்தது. வேலியோரம் நின்று பேசினாள். குசினிக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த ஜவுபருக்கு அவள் பக்கத்துக் கதை மட்டும் கேட்டது. “இல்ல சேர், கடிதம் கிடைக்கல்ல... ஓம், நான்தான் எடுத்தன்... அவங்க அப்பிடித்தான் சொல்வாங்க... சரி சேர், ஒங்களுக்கும் கடிதம்தான் வேணும், வெளங்குது.” போனை அணைத்துவிட்டு, கொடியில் கிடந்த ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மறுபடி அதே கொடியில் போட்டாள். ஞாயிறு காலை உம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, நிந்தவூருக்குச் சாச்சி வீட்டுக்கு பஸ் ஏறிப்போனாள். இந்த ஊரில் இருந்து அந்தப் படத்தைப் பார்க்க அவளுக்கு ஏலாது.

அன்று அந்தி பட்டதும் கடல் பக்கம் மறுபடி கறுத்தது. மஹ்ரிப் தொழுகை முடிந்து பள்ளியில் சனம் கலையும் நேரம் காற்றடித்து, சாய்ந்தமருது கடற்கரைப் பக்கத்தில் ஒரு தெருவுக்கே லைன் போய்விட்டது. ஹாஜியார் போனில் கத்தினார். ஜவுபர் ஜீவராஜைக் கூப்பிட்டார்.

“எனக்குக் காய்ச்சல் காக்கா” என்றான் ஜீவராஜ்.

“காலம்புற நல்லாத்தானே இரிந்த?”

“அந்தப் படத்துக்கு ஏணி புடிக்கிறதெண்டா காய்ச்சல்தான்” என்று போனை வைத்துவிட்டான்.

ஜவுபர் தனியே ஏணியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அறுந்த இடம் சுபைறாவின் வீட்டு வாசல் கடப்படித் தூணில். மாசிக் கருவாடு விற்கிற சுபைறா, அந்தத் தெருவுக்கே கேட்கிற வாய். அவளே வந்து ஏணியைப் பிடித்தாள்.

“கெதியா காக்கா, கெதியா! தொடங்கிட்டாம். எங்கட பாயிஸ் தம்பி கொழும்பு டீவியில வாறாராம். எங்கட ஊர்ப் பொடியன் ஒண்டு முன்னுக்கு வாற நேரத்துல பாத்து இந்த வயரு அறுந்து துலையணுமா!”

மேலே ஏறி அறுந்த இரண்டு தலைப்பையும் ஜவுபர் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இணைக்காவிட்டால் நாற்பது வீட்டுக்குப் படம் போகாது. மற்ற ஆயிரம் வீடும் பார்க்கத்தான் போகிறது. நாளைக் காலை ஹாஜியார் கேட்கத்தான் போகிறார். மனம் நின்ற இடத்தில் கை நிற்கவில்லை. அது தன்பாட்டுக்குத் தோலை உரித்தது, கம்பியோடு கம்பியைச் சேர்த்தது.

“வந்திட்டு! வந்திட்டு!” உள்ளேயிருந்து யாரோ கத்த, சுபைறா ஏணியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். “அல்லாஹ்வே, இடுப்பு மட்டும் தண்ணிக்க நிக்காரு! உசிரப் பாக்காம போயிரிக்காரே!”

பாயிஸின் குரல் கனதியாக வந்தது. உயிரைப் பணயம் வைத்து நேரில் சென்று கண்டதாகச் சொன்னான். பரணையும் ஆட்டையும் சொன்னான். பிறகு வல்லியம்மையின் குரல் மழைக்குள்ளால் தூண் மட்டும் ஏறி வந்தது: “ரெண்டு நாள் இதிலதான் மகள் இருந்தம். ஆம்பிளையள் எங்கள விட்டுப்போட்டுப் போயிட்டாங்க மகள். இத ஆரிட்டச் சொல்ற நாங்க?”

ஸுஹைறாவின் குரலை வெட்டி எடுத்தவர்கள் அந்த “மகளை” வெட்ட மறந்துபோயிருந்தார்கள். ஜவுபர் ஏணியிலிருந்து குனிந்து ஜன்னலைப் பார்த்தார்.

“சுபைறா!” என்று கூப்பிட்டார். “சுபைறா, கேட்டியா நீ? அந்த மனுசி மகள் எண்டு கூப்பிடுறா.”

“என்ன காக்கா?”

“மகள், மகள் எண்டு கூப்பிடுறா. பாயிஸையா மகள் எண்டு கூப்பிடுற? அது என்ட ஸுஹைறா. அந்தப் படம் என்ட ஸுஹைறா எடுத்தது. வெள்ளத்துக்க போனது அவ. மூணு வருஷமா அந்தச் செய்தியெல்லாம் எழுதுறதும் அவதான்.”

சுபைறா ஜன்னலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மழைத்துளி முகத்தில் விழுந்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“ஒங்கட மகளா? அவ ஒபிசுல சும்மா இரிக்கா எண்டுதானே கைருன்னிஸா ராத்தா சொன்ன.”

“அது நாங்க சொன்ன பொய்.”

“ஏன் காக்கா அப்பிடிப் பொய் சொல்ற? ஆரும் நல்லத ஒளிப்பாங்களா?” சுபைறா சிரித்தாள். குத்தலான சிரிப்பு இல்லை, இரக்கப்படுகிற சிரிப்பு. “பாவம், அந்த மனுசி ரெண்டு நாள் பட்டினி. அழுற நேரத்துல ஆரப் பாத்து என்ன சொல்றமெண்டு வெளங்குமா? மத்தவன்ட புள்ள முன்னுக்கு வரேக்க நமக்கும் மனசு கிடந்து அடிக்கும்தான். எறங்குங்க காக்கா, நனையாதீங்க. தேத்தண்ணி ஊத்துறன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். படம் முடிந்து விளம்பரம் போனது. தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நேரம் கை தட்டினார்கள்.

இணைப்பு இன்னும் திறந்து கிடந்தது. அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கும், நாளைக்குப் படம் புள்ளி விழும், ஹாஜியாருக்கு போன் போகும். ஜவுபர் சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். நனைந்த விரலால் அதன் நுனியைத் தேடிப் பிடித்து, இழுத்து, ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் சுற்றத் தொடங்கினார்.